கார் இல்லாமல் காபோ தே காத்தா

ஸ்பெயினில் கடற்கரை என்றால் பார்சிலோனா, மலாகா என்றுதான் பேச்சு போகும். என் மனம் போனது தென்கிழக்கு மூலைக்கு, அல்மெரியா மாகாணத்தின் காபோ தே காத்தாவுக்கு. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான நிலம். 1987-இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்துவிட்டதால் ஓட்டல் வரிசை கடலை மறைக்காமல் தப்பித்த கரை. ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. வாடகைக் கார் இல்லாமல் அங்கே ஒன்றும் பார்க்க முடியாது என்றே கேட்டவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஆசைப்பட்டதையெல்லாம் பார்த்தேன்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வழக்கமான காகிதங்கள்தான்: வங்கிக் கணக்கு, விடுப்புக் கடிதம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பெரும்பாடு என்பதால் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

நான் போனது அக்டோபரில். வெயில் காயும், ஆனால் சுடாது. கடலிலும் இன்னும் குளிர் ஏறியிருக்காது. அல்மெரியாவில் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து சான் ஹோசே என்ற சின்ன ஊருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாளைக்குச் சில பஸ்கள்தான் உண்டு, வார இறுதியில் இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டுதான் மற்றதைத் திட்டமிட வேண்டும்.

சான் ஹோசேயிலிருந்து கடற்கரைகளுக்குக் கோடையில் பஸ் விடுகிறார்கள். மண் சாலையில் கார்களுக்கு அப்போது வரம்பும் உண்டு. மற்ற மாதங்களில் நடைதான். ஊர் எல்லையில் ஒரு பழைய காற்றாலை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஹெனோவேசெஸ் வளைகுடா விரிகிறது. 1147-இல் அல்மெரியாவைத் தாக்க வந்த ஜெனோவா நாட்டுக் கப்பற்படை ஒதுங்கி நின்ற இடம் என்பதால் அந்தப் பெயர். கடை இல்லை, குழாய் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை. தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும். ஆனைக்கற்றாழைகள் பூத்து முடித்து, மரம்போல உயர்ந்த தண்டோடு காய்ந்து நிற்கின்றன. மணலில் பழுப்பு நிறத்தில் நார் உருண்டைகள் கிடந்தன. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளேயும் முழுக்க நார். பொசிடோனியா என்ற கடற்புல்லின் நாரை அலைகள் உருட்டி உருட்டிச் செய்தவை அவை. அந்தப் புல்வெளி கடலடியில் இருப்பதால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு. குப்பை என்று நினைத்து முகம் சுளிக்காதீர்கள்.

அடுத்தது மோன்சுல் கடற்கரை. மணலில் பாதி, அலையில் பாதியாக நிற்கும் கரும்பாறையின் நிழலில் உட்கார்ந்திருப்பதற்காகவே இன்னொரு முறை நடப்பேன்.

எந்தக் கரைக்குப் போவது என்பதைக் காற்றுதான் சொல்லும். மேற்கிலிருந்து பொனியந்தே அடித்தால் சான் ஹோசே பக்கம் அமைதி. கிழக்கிலிருந்து லெவாந்தே அடித்தால் காபோ தே காத்தா முனைக்கு மேற்குப் பக்கம் அமைதி. காலையில் விடுதிக்காரம்மாவிடம் இதை மட்டும் கேட்டுக்கொள்வேன். மேற்குப் பக்கத்துக்குத் தனி பஸ் உண்டு. காற்று அப்படித் திரும்பிய நாளில் அங்கே உப்பளத்துக்குப் போய், மரத்தடுப்பின் ஓட்டை வழியே பூநாரைகளைப் பார்த்தேன். உப்பு எடுக்க அமைத்த பாத்திகள்தான் அவை.

சாப்பாட்டுக்கு அல்மெரியா நகரமே மேல். குடிக்க ஏதாவது ஆர்டர் செய்தால், அதே காசில் பட்டியலிலிருந்து ஒரு தபாஸை, அதாவது சின்னத் தட்டுப் பண்டத்தை, தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் தோசைக்கல் போன்ற தட்டில் வாட்டிய கணவாயைத்தான் கேட்டேன். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவு ஒன்பதுக்கு மேல். நடுவில் பல அடுப்புகள் அணைந்திருக்கும், கையில் பழம் வைத்திருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் சாலட்டுக்கும் “சின் அத்தூன்” என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சூரை மீனைத் தூவித் தருவார்கள்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மீகாஸ் கிண்டுவது இங்கே வழக்கம். ரவை மாவை எண்ணெய், பூண்டு, தண்ணீரோடு சேர்த்து உதிர உதிரக் கிளறி, பொரித்த பச்சை மிளகாயும் மத்தி மீனும் வைத்துத் தருகிறார்கள். அந்த மிளகாயில் காரமில்லை. இரண்டாம் தட்டும் வாங்கினேன்.