14 மாசமா சிவப்பாவே எரிஞ்ச லைட்டு: டேங்க் மீட்டர்ல பேட்டரிய மாத்தினேன்

ஹால்ல ஸ்விட்ச்போர்டுக்கு மேல ஒரு சின்ன டப்பா மாட்டி வச்சிருக்கேன், மொட்டை மாடி டேங்க்ல எவ்ளோ தண்ணி இருக்குன்னு காட்டும், கொறஞ்சா பீப் அடிக்கும். உள்ள இஎஸ்பி32-ன்னு வைஃபை இருக்கற ஒரு சின்ன கண்ட்ரோல் போர்டு, குட்டி டிஸ்ப்ளே, கரண்ட் போனாலும் ஓடட்டும்னு 2000 எம்ஏஹெச் தட்டை லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒண்ணு, அதை சார்ஜ் பண்ண எல்லாரும் வாங்குற அதே டிபி4056 மாட்யூல். 14 மாசமா ஒரு நாள் கூட நிக்காம ஓடிட்டு இருந்துச்சு. போன வாரம் அம்மா விளக்கேத்திட்டு வந்தவங்க "டேய், இந்த டப்பா மூடி ஏன்டா தூக்கிட்டு நிக்குது"ன்னு கேட்டாங்க.

அடாப்டரை புடுங்கிட்டு மெதுவா திறந்தேன். செல் பூரி மாதிரி உப்பியிருந்துச்சு. 6 மில்லிமீட்டர் இருந்த செல், அளந்தா 10. மூடியில ஸ்க்ரூ போட்ட ஒரு மூலை தெறிச்சே போயிருக்கு. மல்டிமீட்டர் வச்சா 4.19 வோல்ட், அதாவது வீங்கின நிலையிலயும் முழு சார்ஜோட உக்காந்திருக்கு. அதுக்கு ரெண்டு சாண் கீழ தான் ஜன்னல் ஸ்க்ரீன் தொங்குது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

கழட்டும்போது ஒரு விஷயம் கவனமா இருங்க, ரெண்டு வயரையும் ஒரே வெட்டுல வெட்டிடாதீங்க, கட்டரோட பிளேடே ரெண்டையும் ஷார்ட் பண்ணிடும். நான் ஒண்ணை வெட்டி, டேப் சுத்தி, அப்புறமா தான் அடுத்ததை வெட்டினேன். டபுள் டேப்ல ஒட்டியிருந்ததை நெம்பாம நூல் விட்டு அறுத்து எடுத்தேன், ஏன்னா உறை கிழிஞ்சா கதை முடிஞ்சுது. மண் சட்டியில காஞ்ச மணல் போட்டு அதுக்குள்ள புதைச்சு, மாடியில மழை படாத மூலையில தனியா வச்சேன். ஊசி குத்தி காத்தை எடுக்கறது, மறுபடி சார்ஜ் போட்டு பாக்கறது ரெண்டுமே கூடாது. குப்பையிலயும் போடக்கூடாது, 2022-ல வந்த பேட்டரி கழிவு விதியே இதை தனியா தான் குடுக்கணும்னு சொல்லுது. ரெண்டு நாள் கழிச்சு இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுத்துட்டேன்.

சரி, ஏன் வீங்குச்சு? டப்பா ஓரத்துல ஒரு ஓட்டை வழியா மாட்யூல் லைட்டு தெரியும், சார்ஜ் ஏறும்போது சிவப்பு, முடிஞ்சா நீலம். யோசிச்சு பார்த்தா நான் நீலத்தை பார்த்ததே இல்ல. டிபி4056 மொதல்ல 4.2 வோல்ட் வரைக்கும் ஏத்தும், அப்புறம் கரண்ட் கொறைஞ்சுகிட்டே வந்து செட் பண்ணதுல பத்துல ஒரு பங்கு ஆனதும் நிறுத்தும். இந்த மாட்யூல்ல வர்ற 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு செட்டிங் 1 ஆம்பியர், அப்போ 100 மில்லிஆம்பியருக்கு கீழ போனா தான் நிக்கும். ஆனா என் போர்டே வைஃபை, டிஸ்ப்ளேன்னு 170 மில்லிஆம்பியர் இழுக்குது. அந்த கரண்ட் செல்லுக்கு போகுதா போர்டுக்கு போகுதான்னு சிப்புக்கு தெரியாது, இன்னும் ஏறலைன்னு நெனச்சு 14 மாசமும் 4.2-லயே புடிச்சு வச்சிருந்திருக்கு. முழு சார்ஜ்லயே, அதுவும் சூட்டுல இருந்தா உள்ள இருக்கற திரவம் சிதைஞ்சு கேஸ் ஆகும், அந்த கேஸ் தான் வீக்கம். மாட்யூல்ல ப்ரொடெக்ஷன் சிப் இருக்கேன்னு நம்பிட்டு இருந்தேன், ஆனா அது 4.3 வோல்ட் பக்கம் போனா தான் வெட்டும், 4.2-ல வருஷக்கணக்கா நின்னா அதுக்கு ஒண்ணும் தப்பா தெரியாது.

அப்புறம் தான் ஹால்ல பேட்டரி எதுக்குன்னே கேள்வி வந்துச்சு. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, அது மாறுற கண் சிமிட்டுற நேரத்துல போர்டு ரீசெட் ஆகாம இருந்தா போதும். அதனால பேட்டரிக்கு பதிலா கொஞ்ச நேரத்துக்கு கரண்டை சேமிச்சு வைக்கற 2.7 வோல்ட் 10 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் ரெண்டை சீரியஸ்ல போட்டு, ரெண்டுக்கும் வோல்டேஜ் சமமா இருக்க குறுக்க ஆளுக்கொரு ரெசிஸ்டர், சார்ஜ் ஆக 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியா, திரும்ப குடுக்க ஒரு ஷாட்கி டயோடு (கரண்டை ஒரே பக்கம் தான் விடும்). அந்த 10 ஓம் இல்லாம போட்டப்போ அடாப்டர் திணறி ஆன் ஆகவே இல்ல. இப்போ பிளக்கை புடுங்கினாலும் ஏழெட்டு செகண்ட் தாங்குது.

மாடியில டேங்க் கிட்ட தண்ணியை அளக்கற இன்னொரு டப்பா இருக்கு, அதுக்கு பேட்டரி வேணும், அங்க சோலார் தான். எங்க ஊர் திருச்சி, கத்திரி வெயில்ல டப்பாவுக்குள்ள சென்சார் காட்டினது 57 டிகிரி. லித்தியம் அயான் செல்லை பொதுவா 45-க்கு மேல சார்ஜ் பண்ணக்கூடாது. டிபி4056-ல செல்லோட சூட்டை பாக்க ஒரு பின் இருக்கு, ஆனா மாட்யூல்ல அதை கிரவுண்டோட சேர்த்து விட்டுடறாங்க, அதனால எவ்ளோ கொதிச்சாலும் ஏத்திட்டே இருக்கும். உள்ள இருந்த 18650 செல்லை (உருளை வடிவ லித்தியம் அயான்) எடுத்து அம்மாவோட சமையல் தராசுல வச்சேன், மேல 9900 எம்ஏஹெச்னு அச்சடிச்சிருக்கு, எடை 31 கிராம். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும், நல்ல கம்பெனி செல்லே 3500 எம்ஏஹெச் பக்கம் தான் வரும், அப்போ இது போலி.

அங்க லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் போட்டேன், 3.2 வோல்ட், இது சூட்டுல அவ்ளோ சீக்கிரம் பத்திக்காது. ஆனா பழைய மாட்யூலையே வச்சிடாதீங்க, இதுக்கு 3.6 தான் உச்சம், 4.2 குடுத்தா செல் காலி. டிபி5000-ன்னு வேற சார்ஜர் மாட்யூலை 3.6-க்கு செட் பண்ணி போட்டேன். கூடவே டப்பாவை நிழல்ல நகர்த்தி வெள்ளை பெயிண்ட் அடிச்சேன், மத்தியானம் 44 தாண்டல. பேனல் வயர்ல 45 டிகிரி ஆனா தானா வெட்டுற தெர்மல் ஸ்விட்ச் ஒண்ணும் சேர்த்தேன். இதை கோட்லயே பண்ணலாம், ஆனா போர்டு ஹேங் ஆனா கோட் காப்பாத்தாது, ஸ்விட்ச் காப்பாத்தும்.

இனி காலிங் பெல் டப்பா. அதுலயும் ஒரு டிபி4056, அதுவும் சிவப்புலயே தான் நிக்குது. இப்போதைக்கு அடாப்டரை கழட்டி, செல்லை எடுத்து மணல் சட்டியில வச்சிருக்கேன், ரெண்டு நாளா வர்றவங்க கதவை தட்டிட்டு இருக்காங்க.