நிலுவையில்லாச் சான்று மட்டும் போதாது

வீட்டுக் கடனின் கடைசித் தவணை முடிந்ததும் வங்கி தரும் நிலுவையில்லாச் சான்றைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். பணக் கணக்கு முடிந்ததைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. வீட்டின் மேலிருக்கும் அடமானம் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கும்.

மூலப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கினாலே அது அடமானம்தான் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 58(எஃப்). கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் என்று ஊர்ப்பெயரே அதில் இருக்கிறது. நம் ஊருக்கு அவ்வளவு பழைய வழக்கம். அந்த ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (மூலப் பத்திர ஒப்படைப்புக் குறிப்பாவணம்) என்று பதிந்திருப்பீர்கள். அதை முடித்துவைக்க, வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிய வேண்டும். அது பதியாதவரை, வீட்டை வாங்க வருபவரின் வக்கீல் வில்லங்கச் சான்றில் முதலில் விரல் வைப்பது அந்த எம்.ஓ.டி. வரியில்தான்.

ரசீதின் வரைவைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். எம்.ஓ.டி.யின் ஆவண எண், ஆண்டு, சர்வே எண், உங்கள் இனிஷியல் எல்லாம் பழைய ஆவணத்தோடு பொருந்த வேண்டும். ஓர் எண் தவறினாலும் பிழைதிருத்தல் பத்திரத்துக்காக அந்த அலுவலரை மறுபடி அழைத்துவர வேண்டியிருக்கும். இடையில் வங்கி இணைந்திருந்தால் (அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்ததைப் போல) அந்த இணைப்பும் ரசீதில் வர வேண்டும்.

கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிந்த அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவு. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்திருந்தால் நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. கடன் வாங்கியபோது தந்த ஆவணப் பட்டியலோடு தாய்ப்பத்திரம் வரை பக்கம் பக்கமாகச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள்.

செர்சாய் எனும் மத்திய அடமானப் பதிவேட்டில் உள்ள பதிவையும் வங்கிதான் முடித்துவைக்க வேண்டும், கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்றால் குறைத்துக் கட்டி முடித்ததாக அர்த்தம். முழுதும் கட்டியவர் அதை ஏற்கவே கூடாது.

ரசீது பதிந்தபின், எம்.ஓ.டி. பதிந்த தேதிக்கு முன்னிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய எம்.ஓ.டி. வரி மறைந்திருக்காது, பதறவேண்டாம். ரசீதும் தனி வரியாக ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.