பால் சுறாவுக்கு ஏது பால்?

அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பால் போதவில்லை என்று அம்மா விடியும் முன்பே என்னைக் களியக்காவிளைச் சந்தைக்கு விரட்டினாள், பால் சுறா வாங்கிவரச் சொல்லி. ஆழ்கடல் சுறாவுக்குப் பேர் போன தூத்தூர்க்காரர்கள் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கம் சுறாவுக்குப் பஞ்சமில்லை.

மீன் வெட்டிக்கொடுக்கிற அம்மா வயிற்றைக் கீறியதும், "குட்டி கெடக்கு மக்களே" என்றார். மூன்று குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும், கண்ணும் வாயும் துடுப்பும் அச்சு அசலாகத் தாய் மாதிரி, முன் துடுப்புகளுக்கு நடுவிலிருந்து வெளிறிய கொடி ஒன்று உள்ளே போனது. மீனுக்குத் தொப்புள்கொடி! வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். குட்டிக்கான மஞ்சள்கரு தீர்ந்ததும், அந்தக் காலிப் பையே தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாகிவிடுமாம். சுமப்பது ஏறக்குறைய ஒரு வருடம். ஆனால் பிறந்த நிமிடமே குட்டி தன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், பாலும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்திலும் இதற்கு மில்க் ஷார்க் என்றே பேர், காரணம் நம்மூர் நம்பிக்கைதான்.

சாயங்காலம் கொல்லையில் வாழைப்பூவைச் சுற்றி வௌவால்கள் வந்தபோது இதுவே மண்டையில் ஓடியது. இங்கே வருவது பழந்தின்னி, கிடைத்தால் தேனையும் ஒரு கை பார்க்கும், அவ்வளவுதான். தேனையே நம்பிப் பிழைப்பது குகைத் தேன் வௌவால். மலேசியாவில் நம் முருகன் இருக்கிறாரே, அந்தப் பத்துமலைக் குகைகளில் அது கூட்டமாகத் தொங்குகிறது. ராத்திரி சதுப்புநிலக் காட்டுப் பூவுக்காக 38 கிலோமீட்டர் வரை பறந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். துரியன் காய்ப்பதே பெரும்பாலும் இதன் புண்ணியத்தில்தான். உடம்பு என்று பார்த்தால் ஐம்பது அறுபது கிராம். தூரிகை மாதிரி நுனியுள்ள நாக்கால் தேனை நக்கும், புரதத்துக்கு மகரந்தம், இதிலிருந்தே பாலும் ஊற வேண்டும். பிரசவத்துக்கு ஒரே குட்டி, அது தாயின் அக்குள் பக்கம் இருக்கிற காம்பைக் கவ்விக்கொண்டு தொங்கும்.

ஆக, கொடி ரெண்டுக்கும் உண்டு, பால் வௌவாலுக்கு மட்டும்தான். பேர் என்னவோ சுறாவுக்குப் போய்விட்டது! இதை அடுப்படியில் போய் அம்மாவிடம் விளக்கினேன். சுறாவை உதிர்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அதுக்கு? அக்காளுக்கு வவ்வாலப் பிடிச்சு அவிச்சுக் குடுக்கச் சொல்லுதியாலே? போயி பூண்டை உரி."