சிவப்பு அறிவித்தலுக்குக் காத்திராமல்: லயத்தில் மழை அளந்து வெளியேறும் முறை

இலங்கை மலையகத்தில் மண்சரிவுக்குப் பதுளைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆபத்து. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்ததும் பயம் தொடங்கிவிடும். எந்தப் பக்கமானாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுக்குப் பொதுவாகத்தான் வரும். ஒரு மலையில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக நிற்கும். அதனால் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே பெய்வதை நாங்களே அளக்கிறோம்.

அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் போத்தல் வேண்டும். இடுப்பு ஒடுங்கியது சரிவராது, கணக்கு பிழைக்கும். கழுத்துப் பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். அடியில் நாலு கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அதிலிருந்து மில்லிமீற்றர் அடிமட்டம் (அளவுகோல்) ஒட்டி 75, 100, 150 ஆகிய இடங்களில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புக் கோடு போடலாம். 24 மணித்தியாலத்தில் 75 வந்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். கூரைத் தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் மரத்தடியிலும் போத்தலை வைக்கக் கூடாது.

பலரும் பிழைவிடுவது கூட்டலில். காலை 8.30க்கு அளந்து வெளியே ஊற்றிவிட்டால், போத்தல் பழைய மழையை மறந்துவிடும். நேற்றுப் பின்னேரம் 4 மணியிலிருந்து இன்று காலை 8.30 வரை 80, பிறகு பகல் 1 மணிக்குள் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். போத்தலைப் பார்த்தவர் இப்போதுதான் மஞ்சள் என்பார். மலை குடித்ததோ 21 மணித்தியாலத்தில் 155. ஆகவே அடைமழையில் மணிக்கொரு தடவை நேரத்தோடு கொப்பியில் எழுதி, முந்தைய 24 மணித்தியாலத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரவில் முறை வைத்து இரண்டு பேர் விழித்திருப்பார்கள்.

நிலத்தில் வெடிப்பு கண்டால் இரு கரையிலும் ஒவ்வொரு முளை அடித்து, முளைத் தலையில் ஆணி அறைந்து, இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். கண்மதிப்பை நம்பாதீர்கள். வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி மூடி, மேலே பொலித்தீன் விரித்து, மேற்பக்கக் கானைச் சுத்தமாக்கித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். இது மழைக்கு முன் செய்யும் வேலை. மழைக்குள் அங்கே ஏறக் கூடாது.

ஆணிக்கு ஆணி தூரம் கூடினால், நேற்றுவரை பூட்டிய கதவு இறுகினால், சுவரடியில் கலங்கல் ஊற்று கிளம்பினால், மழைக் கணக்கு எதுவானாலும் கிளம்புங்கள். ஓடை திடீரென வற்றுவதைப் பார்த்து வெள்ளம் வடிந்தது என்று மகிழ்வார்கள். மேலே மண் விழுந்து ஓடையை மறித்திருக்கலாம். அந்த அணை உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும்.

போகும் வழியை வெயில் நாளிலேயே நடந்து பார்த்து வைக்க வேண்டும். ஓடை வழியே கீழே இறங்காமல், பள்ளத்தைக் கடக்காமல், பக்கவாட்டில் மேட்டு முதுகுக்குப் போவதே சரி. றோட்டு வெட்டிய மண்சுவருக்குக் கீழே ஒதுங்கக் கூடாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதம், வங்கிப் புத்தகம், மருந்து எல்லாம் ஒரே பொலித்தீன் உறையில் கதவருகே தொங்கட்டும். நடக்க முடியாதவர்களையும் கைக்குழந்தைகளையும் செம்மஞ்சளிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிடுகிறோம். கிராம சேவகருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117க்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது காலை நேரத்தில். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. மாற்றுக் காணி கையில் இல்லாத குடும்பத்துக்கு எச்சரிக்கை பாதி உதவிதான். மாற்றுக் காணிக் கோரிக்கையை நாங்கள் விடப்போவதில்லை.

மழை விட்டதும் ஆட்டுக்கும் அடுப்புச் சாமானுக்கும் ஓடித் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. ஊறிய மண் மழை நின்ற பிறகும் இறங்கும். கிராம சேவகர், பிரதேச செயலகம் ஊடாகக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகளை வரவழைத்து, குடியிருக்கலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் வரும்போது மழைக் கொப்பியையும் ஆணி அளவுகளையும் காட்டுங்கள்.