நட்டுவாக்காலி என்று நினைத்த தேள்

தருமபுரிப் பக்கம் எங்கள் பழைய வீட்டின் பின்புறம் நாட்டு ஓடுகளை அடுக்கி வைத்திருந்தோம். கூரை மாற்ற அவற்றை எடுத்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு தேள். விரல் நீளம், கருஞ்சாம்பல் நிறம். ஓடு இறக்க வந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நட்டுவாக்காலிக் குட்டி, தம்பி. கொட்டினால் கடுக்கும், அவ்வளவுதான். செந்தேளுக்குத்தான் பயப்பட வேண்டும்” என்றார்.

எனக்கு அதன் கைகள் நெருடின. கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் செருகி, ஒளி ஊடுருவும் ஸ்வீட் டப்பாவுக்கு மாற்றினேன். “அடித்துப் போடுவதை விட்டுவிட்டு அதற்கு வீடு வேறு கட்டித் தருகிறாயா?” என்றார் அம்மா.

நட்டுவாக்காலி என்னும் பெரிய கருந்தேளின் இடுக்கிகள் நண்டுக் கைபோல அகன்று பருத்திருக்கும். வால் அதற்கு ஈடில்லாமல் மெலிந்திருக்கும். இதுவோ தலைகீழ். இடுக்கி ஒல்லி, வால் தடிமன். இரையை நசுக்கும் வலு கையில் இல்லாத தேள் பெரும்பாலும் விஷத்தையே நம்பி வாழும். விதிவிலக்குகள் உண்டு என்பதால் அடியையும் பார்த்துவிட முடிவு செய்தேன்.

டப்பாவைத் தூக்கிப் பிடித்து, கீழிருந்து லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். அது ஓரிடத்தில் நிற்கவே இல்லை. எடுத்த படங்கள் எல்லாம் கலங்கல். இருபது நிமிடம் கழித்து மூலையில் ஒடுங்கியது. வயிற்றின் முன்பகுதியில் இரண்டு சீப்புகள், பல் பல்லாக. தேளைத் தவிர வேறெந்த உயிருக்கும் இந்த உறுப்பு கிடையாது. சீப்புகளுக்குச் சற்று முன்னே, கால்கள் வந்து கூடும் இடத்தில் சின்னஞ்சிறு தகடு. நட்டுவாக்காலிக்கு அது ஐங்கோணமாக இருக்கும். இதற்கு முக்கோணம். கடும் விஷத் தேள்கள் பல அடங்கிய பூத்திடே குடும்பத்தின் அடையாளம் அது.

முதுகுத் தகடுகளில் சொரசொரப்பான மூன்று வரம்புகள் ஓடின. கொடுக்கு முனைக்குக் கீழே சிறு முள் இல்லை. அதனால் வீட்டுக்குள் திரியும் சின்னத் தேள்களான லைக்காஸ், ஐசோமெட்ரஸ் இரண்டும் கழிந்தன. மிஞ்சியது ஹாட்டன்டோட்டா. செந்தேளின் பேரினமே அதுதான்! செந்தேளுக்கு டென்மார்க் பூச்சியியலாளர் ஃபெப்ரிசியஸ் 1798இல் இட்ட ‘டாமுலஸ்’ என்ற பெயரில் நம் தமிழ்தான் ஒளிந்திருக்கிறது. சிவப்பு பெயரில்தான்; ஆரஞ்சு முதல் கரும்பழுப்பு, சாம்பல் வரை அதற்குப் பல நிறங்கள்.

பெரியவரிடம் சொன்னேன். நம்பவில்லை. இது கொட்டினால் கடுப்போடு நிற்காமல் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கலாம், குழந்தை என்றால் உயிருக்கே ஆபத்து என்றேன். மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்தத் தேள்கடிக்கு பிரசோசின் மாத்திரை கொடுத்து உயிர்களைக் காப்பாற்றிய கதையையும் சொன்னேன். கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

இருட்டியதும் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை ஓட்டுக் குவியல்மீது அடித்தேன். புதிதாகத் தோலுரித்தவை ஒளிராது. மற்றவை இந்த வெளிச்சத்துக்குத் தப்பாது. பச்சை நீலமாக மூன்று மின்னின. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தார்.