வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது எந்த ஊர், எந்தத் தெரு?

தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று முடிவான குடும்பங்களில் அடுத்த பேச்சு பெரும்பாலும் வீடு வாங்குவதைப் பற்றித்தான் இருக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஊரை முடிவு செய்து, அங்கே வாடகைக்கு இருந்து, ஓர் ஐப்பசி கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் அதே பகுதியில் பார்த்த பிறகு வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்களிடம் கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம்.

ஏற்கெனவே சொந்த ஊரில் வீடு கட்டி வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு, இது கசப்பாக இருக்கும். கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பம் அங்கே போய் இறங்குவதும், ஓரிரு வருடத்தில் பிள்ளைகளின் படிப்புக்காக வேறு ஊருக்கு மாறுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு இடமாற்றம் என்பது பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளி மாற்றம். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். பள்ளியை அப்படித் தள்ளிப்போட முடியாது.

மூத்த பிள்ளை எந்த வகுப்பு என்பதில்தான் கணக்கு தொடங்க வேண்டும். சிபிஎஸ்இயில் 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் மாணவரின் பெயர் வாரியத்தில் பதிவாகிறது. 10, 12ஆம் வகுப்புகளில் புதிதாகச் சேர்க்க வாரியத்தின் அனுமதி வேண்டும். வேறு நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அது கிடைப்பது கடினம். எனவே 9ஆம் வகுப்புக்கு முன்பு, அல்லது பத்தாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டு 11ஆம் வகுப்புக்கு வருவது என்று திட்டமிடுங்கள். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இடைவெளி வராது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் மே, ஜூனில் வகுப்பு முடிவதால் இங்கே ஜூனில் சேர்ப்பது எளிது. சிங்கப்பூரில் ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அங்கிருந்து வந்தால் இங்கே ஆண்டின் நடுவில் நுழைய வேண்டும், அல்லது ஜூன் வரை காத்திருக்க வேண்டும். நல்ல பள்ளிகளில் ஆண்டு நடுவில் இடம் இருக்காது என்பதால், எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கிறதோ அதுவே எந்தப் பகுதி என்பதையும் முடிவு செய்துவிடும்.

பள்ளி மாற்றுச் சான்றிதழை (டிசி) வெளிநாட்டில் இருக்கும்போதே அந்நாட்டு அதிகாரிகளிடமும் இந்தியத் தூதரகத்திலும் ஒப்பமிட்டு வாங்கிவிடுங்கள். இங்கு வந்த பிறகு திரும்பி அனுப்பி வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

தமிழ் பற்றியும் யோசியுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மாநில வாரியம் அல்லாத பள்ளிகளுக்கு அது 2015-16இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஆறாம் வகுப்பில் கொண்டு வந்து சேர்த்தால் முதல் இரண்டு பருவமும் அந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். வருவதற்கு ஆறு மாதம் முன்பே உயிர்மெய் எழுத்துகளையும் சின்னச் சின்ன வாசிப்பையும் தொடங்கிவிட்டால் பிள்ளையின் பாரம் பாதியாகக் குறையும். பள்ளிகளில் சேர்க்கை விசாரிக்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளி சிலவே.

மருத்துவம் படிக்க வைக்க ஆசைப்படுபவர்கள் இன்னும் முன்னால் பார்க்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டில் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு வழி நேரானது. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோர் ஆவணங்களும் காட்ட வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் இதே கணக்கு 8 முதல் 12 வரை. பிள்ளையின் கையில் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) என்றால், 2021 மார்ச் 4ஆம் தேதி உள்துறை அமைச்சக அறிவிக்கையைக் கட்டாயம் படியுங்கள். அதன்படி நீட் போன்ற நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கையில் ஓசிஐ மாணவர்களுக்கு என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) இடங்கள்தான். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. பதினோராம் வகுப்பில் இதைத் தெரிந்துகொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

அடுத்தது வேலை. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் கணவரின் வேலையை மட்டும் பார்க்கின்றன. மனைவி வெளிநாட்டில் பத்து வருடம் வேலை பார்த்தவராக இருப்பார். அவர் துறையில் அந்த ஊரில் ஒரு நிறுவனம்கூட இருக்காது. திரும்பி வந்த பிறகு வீட்டில் வரும் மனக்கசப்புக்கு இது பெரிய காரணம். இருவர் துறைக்கும் அந்த ஊரில் குறைந்தது மூன்று நான்கு நிறுவனங்களாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மென்பொருள், வாகனத் துறை, வங்கி என்றால் சென்னை. பம்ப், மோட்டார், எந்திரத் தொழில், ஜவுளி, ஓரளவு மென்பொருள் என்றால் கோவை. திருச்சியும் மதுரையும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் ஏற்றவை. வீட்டிலிருந்து வேலை என்றால் அந்தத் தெருவில் இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாட்களுக்கு இன்வெர்ட்டரையும் கணக்கில் சேருங்கள்.

அப்பா அம்மாவுக்காகத் திரும்புகிறோம் என்று சொல்பவர்கள், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமா, பக்கத்துத் தெருவில் இருந்தால் போதுமா என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள். பல பெரியவர்கள் தங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டாரையும் விட்டு வர விரும்புவதில்லை. ஆஞ்சியோ செய்யும் வசதியும் இருபத்து நான்கு மணி நேர அவசரப் பிரிவும் உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைக் காலை ஒன்பது மணிக்கு வண்டியில் போய்ப் பாருங்கள். மேப் காட்டும் நேரம், சாலை காலியாக இருக்கும் இரவு பதினொரு மணிக்கான கணக்காக இருக்கலாம். அடுக்குமாடி என்றால், கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

இனி தண்ணீர். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றுக் கரையெல்லாம் மூழ்கியது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வெள்ளம். அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடியும் நெல்லையும் தத்தளித்தன. ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும் வருவதால், ஒரு பகுதியைப் பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு முதலில் தெருவைப் பாருங்கள். சாலை வீட்டு வாசலைவிட உயரமா? பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை ஏறி, படி இறங்கி உள்ளே போகும் வீடுகள் சென்னையில் ஏராளம். அங்கே ஒரு பெரிய மழை போதும். அடுத்து இ.பி. மீட்டர் பெட்டி. தெருவில் பல வீடுகளில் அது மார்பளவுக்கு மேல் ஏற்றி மாட்டப்பட்டு, கீழே பழைய பெட்டியைக் கழற்றிய ஆணித் துளையும் வயர் அடையாளமும் தெரிந்தால், தண்ணீர் அங்கே வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கேட்டின் அடியில் தடுப்புச் சுவர் எழுப்பியிருப்பதும் அதே செய்திதான். வீட்டுக்காரரும் புரோக்கரும் தண்ணீர் வந்ததே இல்லை என்பார்கள். தெருமுனையில் துணி தேய்ப்பவர், பால் போடுபவர், மாடியில் குடியிருக்கும் பாட்டி, இவர்களிடம் “2015ல எது வரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். “வந்துச்சா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். எது வரைக்கும் என்று கேட்டால் கையால் காட்டுவார்கள். பிறகு கூகுள் எர்த்தில் இருபது வருடம் முந்தைய படத்தைத் திறந்து, அந்த மனை அப்போது ஏரியா, வயலா, மேடா என்று பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிய கட்டட அனுமதிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன என்பதால் அந்தப் பக்கம் வாங்குபவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும்.

வறட்சிக்கு ஒரு கணக்கு போடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவு. 60 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 32,400 லிட்டர்; அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட மூன்று, தினமும். மெட்ரோ வாட்டர் குழாய் இணைப்பு இல்லாத வளாகத்தில் போர்வெல் வற்றினால் இந்தச் செலவு முழுவதும் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். அதனால் குடியிருப்போர் சங்கத்திடம் ஏப்ரல், மே மாத லாரிச் செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்; வருடச் சராசரியை வாங்கி வராதீர்கள். போர்வெல் தண்ணீரை, அதில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள்: இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. குளியலறைக் குழாயில் வெள்ளைப் பொறுக்கு படிந்திருந்தால் கீசர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும்.

கோவையின் பெயரே சிறுவாணித் தண்ணீரில்தான் வாழ்கிறது. ஆனால் எல்லா வார்டுக்கும் சிறுவாணி வருவதில்லை. பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதிகளும் இருக்கின்றன. எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, சம்ப் எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். பத்து நாள் இடைவெளி என்றால் 5,000 லிட்டர் சம்ப் ஐந்து பேருக்குப் போதாது. மேற்கே தடாகம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் காற்றும் மலையும் மனசை இழுக்கும். யானை வழித்தடம், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாகா) அனுமதி இரண்டையும் விசாரிக்காமல் அங்கே மனை பார்க்காதீர்கள். காவிரிக் கரையில் இருப்பதால் திருச்சிக்குத் தண்ணீர்க் கவலை குறைவு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவுக்கு நேரடி விமானமும் உண்டு. உறவினர் பாதிப் பேர் இன்னும் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வசதி. நெல்லை, கன்னியாகுமரிக்காரர்களுக்கு நடைமுறையில் திருவனந்தபுரம்தான் விமான நிலையம். சென்னையில் வடபகுதியில் வீடு பார்ப்பவர்கள், தென்மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பதை மறக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போக நகரையே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

வாடகை வீட்டுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகை என்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் அதைவிடக் கூடுதலாக வாங்கலாம் என்றும் இடம் விடுகிறது. அதனால் சென்னையில் ஐந்து, ஆறு மாதம், சில இடங்களில் பத்து மாதம்கூடக் கேட்கிறார்கள். பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி மாற்றம், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் கையில் ஆதாரம் இருக்கும். ஓசிஐ வைத்திருப்பவர்கள் இங்கே 182 நாள் தங்கிய பிறகே ஆதாருக்கு விண்ணப்பிக்க முடியும்; இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கரண்ட் கட்டணத்தைப் பற்றி ஒரு நிபந்தனை வையுங்கள்: தனி மீட்டர், இ.பி. கணக்குப்படி நாங்களே நேராகக் கட்டுகிறோம் என்று. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்லும் தொகையில், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வந்து சேராது.

மழையும் வெயிலும் பார்த்து, வாங்குவது என்று முடிவானால், பத்திரத்துக்கு முன் வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில், எந்தச் சர்வே எண், வரைபடத்தில் வாய்க்காலோ ஓடையோ அதன் மேல் போகிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். செலவில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். ஓசிஐ உள்ளவர்கள் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. ஊரோரத்தில் ‘பண்ணை மனை’ என்று விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விற்பவர் இன்னும் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 1 சதவீதம் போதாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மூலதன ஆதாய வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையை வருமான வரித்துறை கேட்பது வாங்கியவரிடம்.