தம்பியின் ஹெபடைடிஸ் பி பரிசோதனை: லேபில் பட்ட பாடு

வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் தம்பிக்கு ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ் என்று சொல்லி அன்ஃபிட் ஆக்கிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் பாசிட்டிவ்தான். அதற்கு மேல் இழுத்தால் நாள்பட்ட தொற்று என்று அர்த்தம். ஆளாளுக்குக் கீழாநெல்லி சொன்னார்கள். நாங்கள் ஈரல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். குடிப்பழக்கம் உண்டா, அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் வந்ததா. எங்கள் மாமா அதில்தான் போனார் என்றதும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கண், வயிறு, கால் வீக்கம் எல்லாம் பார்த்துவிட்டு டெஸ்ட்டுகளை எழுதித் தந்தார்.

லேபில்தான் வினை. சீட்டில் இருந்தது 'ஹெச்பிவி டிஎன்ஏ குவான்டிடேட்டிவ்'. பில் போட்ட பெண் அடித்தது 'ஹெச்பிஎஸ்ஏஜி குவான்டிடேட்டிவ்'. பெயர் வேற மாதிரி இருக்கே என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றே இல்லை. டாக்டர் எழுதியது ரத்தத்தில் ஓடும் வைரஸின் அளவு (வைரல் லோடு), பில்லில் வந்தது அதன் மேலுறைப் புரதத்தின் அளவு. இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் ஐயு/எம்எல் என்றே வருவதால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர், "நான் கேட்டது இது இல்லையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்.

பில் போட்டாச்சு, ஒன்றும் செய்ய முடியாது என்று லேபில் கையை விரித்தார்கள். சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மேனேஜரை வரச்சொல்லி, டாக்டர் எழுதியதையும் அவர்கள் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். காசு வாங்காமல் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். தயவுசெய்து பில் கையில் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். அப்பாயின்ட்மென்ட் கொடுத்தவர்கள் வெறும் வயிறு என்று சொல்லவே இல்லை. தம்பி இட்லி சாப்பிட்டிருந்தான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வயிற்று ஸ்கேனுக்கும் வெறும் வயிறுதான், அதற்கு ஆறு மணி நேரமாவது வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அதில் சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வெளியே வைரல் லோடுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் முதலில் அங்கே விசாரிப்பதுதான் நல்லது.

கடைசியில் வைரல் லோடு 2000-க்குக் கீழே, ஏஎல்டி (ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) நார்மல், ஃபைப்ரோஸ்கேன் 5.6, அதுவும் நார்மல். அப்போதுதான் மூச்சு வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் மாமாவின் கதையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் கட்டாயம் என்றார் டாக்டர். பெரியம்மா தம்பிக்குத் தனித் தட்டு எடுத்து வைத்திருந்தார். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, பிளேடும் டூத்பிரஷும்தான் தனியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி அதை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன்.

தம்பி மனைவிக்கு நெகட்டிவ், முதல் தடுப்பூசி போட்டாயிற்று. அம்மாவுக்குப் பாசிட்டிவ். அடுத்த வாரம் அதே டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். லேப் மட்டும் வேறு.